பதினெட்டாவது ஆள்

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுத எனக்கு உரிமை இல்லை. ஏன் இல்லை என்பது போகப்போகத் தெரியும்.

குண்டடத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரிலிருந்து, மண்ணரையில் இருந்த பனியன் கம்பெனிக்குத் தினமும் வேலைக்கு வந்தவர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைக்க வேண்டும். நான் அந்தக் கம்பெனியின் ஆள் ஏற்றும் வேனை ஓட்டியவன். காலையில் ஏற்றுவேன், சாயங்காலம் இறக்கிவிடுவேன். எங்களுக்குள் வேறு உறவு கிடையாது.

வண்டியில் ஏறியதும் எல்லோரும் இடம் தேடுவார்கள். அவர் எண்ணுவார். படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு, உதடு அசைய, தன்னையும் வழியில் ஏறப்போகிறவர்களையும் சேர்த்து ஐந்து ஐந்தாக எண்ணுவார். பீஸ் எண்ணிப் பழகிய வாய். எண்ணி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "டிரைவர் தம்பி, இருவத்தெட்டு" என்பார். அப்புறம்தான் உள்ளே வருவார்.

பதினேழு இருக்கை வண்டி அது. இருபத்தெட்டு என்று அவர் சொல்வதில் எந்தச் செய்தியும் இல்லை. எனக்குத் தெரியும், ஏறியவர்களுக்குத் தெரியும், கம்பெனிக்கும் தெரியும். நடுவழியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருப்பதே கம்பெனிதான். ஆனாலும் ஒருத்தர் தினமும் காலையில் வந்து உங்கள் தப்பைக் கணக்காகச் சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எரிச்சலாக இருந்தது. "அக்கா, எண்ணிட்டா கொறஞ்சிருமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொறயாது தம்பி. ஆனா எண்ணாம உட்டா எச்சாயிரும்" என்றார்.

அவருடைய கோபம் ஒரு தினுசானது. சாதாரண நாளில் என்னை வா, போ என்றுதான் பேசுவார். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். 'தம்பி' போய் 'டிரைவரே' வரும். அதுவும் போய் 'ஏனுங்க சாமி' என்று ஆரம்பித்தாரானால் எதிரில் இருப்பவர் ஓடிவிடுவது நல்லது. கம்பெனியில் ஒரு ஆயுத பூஜையன்று மேனேஜர் மைக்கைப் பிடித்து, நாமெல்லாம் ஒரே குடும்பம், உங்கள் சௌகரியம்தான் எங்கள் சௌகரியம் என்று பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவிலிருந்து இந்த அக்கா எழுந்தார்.

"ஏனுங்க சார், செக்கிங் டேபிள் பன்னெண்டுங்க. ஃபேனு ஆறுங்க. ஆறுல ஓடறது நாலுங்க. குடும்பத்துல யாருக்குங்க அந்தக் காத்து?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கப் பயந்தார்கள். அடுத்த வாரம் நின்றுபோயிருந்த இரண்டு ஃபேன்களும் ஓடின. ஆனால் அவருடைய டேபிளை ஃபேன் இல்லாத மூலைக்கு மாற்றிவிட்டார்கள். அதையும் எண்ணி வைத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் என்மேல் வைத்திருந்த அக்கறையும் எண்ணிக்கையாகத்தான் வரும். ஒருநாள் காய்ச்சலோடு வண்டி எடுத்திருந்தேன். லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. பாதி வழியில் எனக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஒம்போது கொட்டாவி உட்டாச்சு. வண்டிய ஓரங்கட்டு."

"லேட்டாயிருங்க்கா."

"ஓரங்கட்டுங்க டிரைவரே."

கட்டினேன். இறங்கிப் போய் எனக்குச் சூடாக ஒரு டீ வாங்கி வந்து, நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே வெயிலில் நின்றார். அன்றைக்கு எல்லோருக்கும் பத்து நிமிஷம் தாமதம். கம்பெனி வாசலில் தாமதம் ஏன் என்று கேட்டபோது, "நாந்தான் நிறுத்தச் சொன்னனுங்க" என்று தன் பெயரை எழுதச் சொன்னார். இப்படிப்பட்டவரைத்தான் நான் பிறகு விட்டுக்கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்போது நான் ஓட்டிய வண்டி பழசு. எஞ்சின் எழுபது குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் கூட. சமதளத்தில் பரவாயில்லை. டவுனுக்குள் வந்து ரயில்வே மேம்பாலம் ஏறும்போதுதான் அதன் லட்சணம் தெரியும். இருபத்தெட்டுப் பேரை வைத்துக்கொண்டு மூன்றாவது கியரில் பாலத்தைத் தொட்டால் பாதி ஏறுவதற்குள் மூச்சு முட்டும். இரண்டாவதுக்கு இறக்கினால் எஞ்சின் ஓலமிடும். கிளட்ச் தீய்ந்த வாசம் உள்ளே வரும். ஒருநாள் பாலத்தின் பாதியில், முன்னால் போன லாரி நின்றதால் நானும் நிற்க வேண்டியதாயிற்று. மறுபடி எடுத்தபோது வண்டி ஏறவில்லை. பின்னால் உருண்டது. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தும் ஒரு முழம் உருண்டுதான் நின்றது. பின்னால் கல்லூரிப் பேருந்து.

பெண்கள் அலறினார்கள். அந்த அக்கா மட்டும் அலறவில்லை. "அல்லாரும் எறங்குங்க, ஓரமா நடங்க" என்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். இருபத்தெட்டுப் பேரும் சோற்றுத் தூக்குப்போசிகளோடு பாலத்தின் ஓரத்தில் வரிசையாக நடந்தார்கள். காலியான வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் ஏறியது. மேலே நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வேர்த்து நடந்து வந்தவர் என் ஜன்னலோரம் நின்றார்.

"நாங்க எறங்குனா ஏறுது பாத்தீங்களா டிரைவரே. அப்பக் கொற வண்டில இல்லீங்க."

அன்றே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனார். இன்னொரு வண்டி விடுங்கள், அல்லது இதையே இரண்டு நடை விடுங்கள் என்று கேட்டார்கள். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வண்டி ஏன்யா ஏறல?" என்றார்.

இங்கேதான் என் முதல் தப்பு. ஆள் அதிகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு எஞ்சின் பைத்தியம். "பவர் பத்தலீங்க சார். இப்ப வர்ற வண்டியெல்லாம் வேறங்க. டர்போ இருக்குது, நூத்துப் பதினஞ்சு குதிரை. கீழ் ஆர்.பி.எம்.லயே இழுவை கெடைக்கும். இந்தப் பாலத்த மூணாவதுலயே ஏறுமுங்க" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. இரண்டு வண்டி, இரண்டு டிரைவர் என்பதைவிட ஒரே வண்டி என்பது அவர் காதுக்கு இனிமையாக இருந்திருக்கும்.

ஷோரூமுக்கு என்னையே கூட்டிப்போனார். அந்த நாள் எனக்குத் திருவிழா. பானட்டைத் திறந்து காட்டினார்கள். பி.எஸ். சிக்ஸ் எஞ்சின், கையை மேலே வைத்தால் நடுக்கமே தெரியவில்லை. கிளட்ச் வெண்ணெய். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். எத்தனை இருக்கை என்று மேனேஜர் கேட்டார். இதுவும் பதினேழுதான் என்றார் விற்பனையாளர். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

புது வண்டி வந்த அன்று கம்பெனி வாசலில் தேங்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் நூற்றுப் பதினைந்து குதிரைக் கதையை அவர்களிடமும் சொன்னேன். அந்த அக்கா வண்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"எத்தன சீட்டுங்க?"

"பதினேழுங்க்கா. ஆனா எஞ்சினு..."

"நாங்க கேட்டது எடமுங்க. நீங்க வாங்கிட்டு வந்திருக்கறது குதிரைங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. வயிற்றெரிச்சல் பிடித்த பொம்பளை என்று மனசுக்குள் திட்டினேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

புது வண்டி நான் சொன்னபடியே இழுத்தது. மேம்பாலத்தை மூன்றாவது கியரிலேயே ஏறியது. பாட்டுச் சத்தத்தில் எஞ்சின் சத்தமே கேட்காது. ஒரு மாதம் இதைப் பார்த்த மேனேஜர், வழியில் இருந்த இன்னும் இரண்டு ஊர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். இருபத்தெட்டு, முப்பத்துநாலு ஆயிற்று. கதவோரம் நாலு பேர், பின் இருக்கைக்கு முன்னால் மூன்று பேர் நின்றுகொண்டே வந்தார்கள். அப்போதும் வண்டி இழுத்தது. எனக்கு அதில் பெருமை. இத்தனை பேரை வைத்துக்கொண்டு எப்படி ஏறுகிறது பார் என்று டீக்கடையில் மற்ற டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அக்கா தினமும் எண்ணினார். "முப்பத்துநாலுங்க டிரைவரே." புது வண்டி வந்த நாளிலிருந்து என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் சாயங்காலம் இறங்கும்போது நின்று சொன்னார்:

"பழய வண்டியாச்சும் பாலத்துல அழுதுச்சுங்க. எங்களுக்குப் பதிலா அது சொல்லுச்சு. நீங்க வாங்குனது எத்தன பேத்தப் போட்டாலும் வாயத் தொறக்க மாட்டீங்குது."

மழை தூறிய ஒரு காலை. பாலம் ஏறி, மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். வேகம் அதிகமில்லை, ஆனால் அந்தப் பாரத்துக்கு அது அதிகம். கீழே டவுன் பஸ் ஒன்று திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நிற்கும் என்று நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. மிதித்த காலின் கீழே பிரேக் இருக்கிறது, பிடிக்கவும் செய்கிறது, ஆனால் பின்னாலிருந்து யாரோ தள்ளிக்கொண்டே வருவதுபோல வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. வண்டியில் ஒரு குறையும் இல்லை. அதைச் செய்தவர்கள் எஞ்சினுக்குத் தகுந்த பிரேக்கைக் கொடுத்துத்தான் இருந்தார்கள். பதினேழு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். இழுப்பதற்குக் குதிரை எத்தனை என்று ஷோரூமில் கேட்ட நான், நிறுத்துவதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

பஸ்ஸின் மேல் மோதாமல் ஸ்டீயரிங்கை ஒடித்து சாலையின் நடுத்தடுப்புச் சுவரில் உரசி நிறுத்தினேன். முன் விளக்கு உடைந்தது. எனக்குக் கீறல்கூட இல்லை. உள்ளே நின்றுகொண்டும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டும் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து முன்பக்கம் குவிந்துவிட்டார்கள்.

அந்த அழுகைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்து, பத்து, பதினைந்து. நெற்றியில் ரத்தம் வழிய அந்த அக்கா இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, எழுகிறவர்களை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். "முப்பத்துமூணு" என்றார். நின்றார். "ஒண்ணு எங்கீங்க? முப்பத்துமூணுதான் இருக்குது. ஒண்ணு எங்கீங்க?"

கத்திக்கொண்டே குனிந்து தேடினார். முன் இருக்கைக்கு அடியில், ஸ்டூல்களுக்கும் பைகளுக்கும் கீழே ஒரு பெண் மடங்கிக் கிடந்தாள். கல்யாணமாகி அந்தப் பக்கத்து ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். ஓவர்லாக் மெஷினில் தைப்பவள். அதிர்ச்சியில் சத்தம்கூட எழும்பாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வலது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. அக்கா எண்ணியிருக்காவிட்டால், அடுத்து இறங்க முண்டியவர்கள் அவளை மிதித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் என்னை முதலில் தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. டீ கொடுத்தார். "நாய் குறுக்க வந்துச்சு. அதுக்காக ஒடிச்ச. அப்படித்தானே?" என்றார். நான் டீ டம்ளரைக் கையில் எடுத்தேன். "எத்தன பேரு இருந்தாங்க? சீட்டு எத்தனையோ அத்தன பேருதானே?" என்றார். டீயைக் குடித்தேன். குடித்தது ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

பிறகு அக்காவையும் இன்னும் நாலு பெண்களையும் உள்ளே கூப்பிட்டு, நாய் குறுக்கே வந்ததுதானே என்று கேட்டார்கள். அக்காவின் நெற்றியில் தையல் போட்டிருந்தது. அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். நாய் ஒன்றும் வரவில்லை. முப்பத்துநாலு பேர் இருந்தோம். வண்டி நிற்கவில்லை. வண்டிமேல் தப்பில்லை, டிரைவர்மேலும் பாதித் தப்புதான். ஏற்றச் சொன்னவர்கள்மேல் மீதி.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா. எத்தன பேரு?"

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் பதில் தெரியும். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்தது. வேலை போனால் என்ன செய்வது என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் மனசில் இல்லை.

"பதினேழுங்க சார்" என்றேன்.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மேனேஜரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரிங்க சாமி. பதினேழுன்னு நீங்களும் சொல்றீங்க, டிரைவரும் சொல்றாங்க. அப்பப் பதினேழாவே இருக்கட்டுங்க. நாளைக்கிருந்து நான் எண்ணிப் பதினேழு பேத்த ஏத்தறனுங்க. நான் பதினெட்டாவது ஆளுங்க. நான் ஏறலீங்க."

சொன்னதைச் செய்தார். மறுநாள் காலை அவர் நிறுத்தத்தில் வண்டி நின்றபோது, படிக்கட்டில் காலை வைக்காமல் கீழே நின்றபடி எண்ணினார். அந்த நிறுத்தத்திலேயே பதினேழு நிரம்பிவிட்டது. "ஆச்சுங்க. போங்க டிரைவரே" என்றார். அவரோடு இன்னும் ஆறு பேர் கீழே நின்றார்கள். அடுத்தடுத்த நிறுத்தங்களில் நின்றவர்களை நான் வழக்கம்போல ஏற்றிக்கொண்டேன். கண்ணாடியில் அவர்கள் ஏழு பேரும் பஸ்ஸுக்கு நடப்பது தெரிந்தது.

குண்டடத்திலிருந்து இரண்டு பஸ் மாறி மண்ணரைக்கு வந்தால் ஒரு மணி நேரம் தாமதமாகும். முதல் நாள் ஏழு பேரும் தாமதம். மூன்றாம் நாள் மூன்று பேர்தான் கீழே நின்றார்கள். ஒரு வாரத்தில் அவர் மட்டும்தான். ஏறிக்கொண்டவர்களை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏறுங்க கண்ணு, உங்களுக்குப் புள்ள குட்டி இருக்குது" என்று அவரே கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது நாள் அப்படி நின்றார். எண்ணிக்கை அவருடையதல்ல, என்னுடையது. இருபதாம் நாள் நிறுத்தத்தில் ஆள் இல்லை. தொடர்ந்து தாமதமாக வந்ததால் வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாக நோட்டீஸ் போர்டில் ஒரு தாள். வண்டியைப் பற்றி, பாலத்தைப் பற்றி, உடைந்த தோளைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. தாமதம். அவ்வளவுதான்.

அந்த மேனேஜர்மேல் எனக்கு வரும் கோபத்தைவிட என் வாய்மேல் வரும் கோபம் பெரிது. குதிரையைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய வாய். டீக்கடையில் இழுவையைப் பற்றி மேடைப் பேச்சு பேசிய வாய். முப்பத்துநாலு என்ற ஒரு சொல்லைச் சொல்ல அதற்குப் பலம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து, பக்கத்துத் தோட்டத்தில் பறித்த முருங்கைக்காய்களை எண்ணிக் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். அதற்கு நான் தயாராக இல்லை.

"மன்னிச்சுக்குங்க்கா" என்றேன்.

"எதுக்குங்க?"

"அன்னிக்கு ஆபீஸ்ல பொய் சொன்னதுக்கு."

"எங்கிட்டயா சொன்னீங்க? மேனேஜர்கிட்டத்தான சொன்னீங்க. நெசத்தையும் அங்கியே போயிச் சொல்லுங்க. இங்க வந்து சொன்னா இந்த முருங்கக்காய்க்குத்தான் கேக்கும்." உள்ளே போய் மோர் கொண்டுவந்து நீட்டினார். "குடிங்க, வெயில்ல வந்திருக்கறீங்க" என்றார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "அந்தப் புள்ளைக்குக் கை எந்திரிக்குதுங்களா?"

எனக்குத் தெரியவில்லை.

"போயிப் பாக்கலீங்களா?"

"இல்லீங்க்கா."

கையில் இருந்த கட்டைக் கீழே வைத்தார். "தப்பு ரெண்டாச்சுங்க" என்றார். மறுபடி காயை எண்ண ஆரம்பித்தார்.

மோர் டம்ளரை வைத்துவிட்டு நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வலது கை தோள்வரைதான் உயர்ந்தது. மெஷினில் உட்கார முடியவில்லை என்றார் அவள் மாமியார். அந்தப் பெண் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நாய் ஒண்ணும் குறுக்க வல்ல கண்ணு. முப்பத்துநாலு பேரு இருந்தோம். வண்டி நிக்கல" என்றேன். பெரிய ரகசியத்தை உடைத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

"தெரியுமுங்ணா" என்றாள். "நானும் அதுக்குள்ளதான இருந்தேன்."

அப்போதும் நான் மேனேஜரிடம் போகவில்லை. போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஒரு வருஷம் அதே வண்டியை அதே பாலத்தில் ஓட்டினேன்.

பிறகு சொந்தமாக ஒரு வேன் எடுத்து வேறொரு கம்பெனிக்கு ஆள் ஏற்ற ஆரம்பித்தேன். அதைவிடப் பெரிய எஞ்சின். நிற்கும்போது ஓடுகிறதா இல்லையா என்று ஸ்டீயரிங்கைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருக்கை பதினேழு. ஏறியது இருபத்துநாலு. நானே முதலாளி, நானே டிரைவர். ஏற்றச் சொன்னவர்கள் என்று கை காட்ட இப்போது ஆளும் இல்லை.

போன மாதம் பல்லடத்தில் சிக்னலில் நின்றிருந்தேன். என் பக்கம் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஹெல்மெட்டுக்குள் இருந்த முகம் என் வண்டியின் ஜன்னல்களை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தது. உதடு அசைந்தது. நெற்றியில் தழும்பு. எண்ணி முடித்த பிறகுதான் டிரைவர் யார் என்று பார்க்க அவர் முகம் திரும்பியது.

"இன்னும் நீங்கதானுங்களா?" என்றார்.

பச்சை விழுந்தது. அவர் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நான் ஆள் ஏற்றிய கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் போனேன். நாளையிலிருந்து பதினேழு பேர்தான் ஏற்றுவேன், மீதிப் பேருக்கு இரண்டாவது நடை வருகிறேன் என்றேன். அவர் என்னை ஏதோ புத்தி பேதலித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ரெண்டாவது நடைக்கு ஷிப்டு காத்திருக்குமாங்க?" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் முறையாகக் குரலை உயர்த்தி, முழு மரியாதையோடு சண்டை போட்டேன். மூன்றாம் நாள் அந்த வழிக்கு வேறு வண்டி வந்துவிட்டது. என்னுடையது வேலையில்லாமல் வீட்டு முன்னால் நிற்கிறது.

இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் பத்தொன்பது நாள் வெயிலில் நின்று செய்ததை, நான் இத்தனை வருஷம் கழித்து ஒரு சாயங்காலத்தில் செய்தேன். அந்த இருபத்துநாலு பேருக்கும் அதனால் ஒன்றும் மாறவில்லை.

நேற்று என் வண்டியில் முன்பு வந்துகொண்டிருந்த ஒரு பெண் போன் செய்தாள். என்னைக் காணோமே என்று விசாரித்தாள். புது வண்டி எப்படி என்று கேட்டேன்.

"சூப்பருங்ணா. மேடெல்லாம் தெரியவே மாட்டீங்குது. சல்லுனு போகுது."

"எத்தன பேரு கண்ணு ஏறறீங்க?"



"எண்ணலீங்ணா" என்றாள்.